நான் ஓட்டாத வண்டி

ஜூன் 6, செவ்வாய்
காலையிலிருந்து ஓயாத காற்று. மாடியில் காயப்போட்டதில் பாதி பக்கத்து வீட்டில். எல்.எல்.ஆர்., வண்டி பழகுவதற்கான லைசென்ஸ், கைக்கு வந்துவிட்டது! பதினெட்டு முடிந்து பத்தொன்பதாவது நாள்.

ஒரு வருஷமாகத் தயாரானது இதற்குத்தான். செய்தவை:
– சாலைக் குறிகள் அத்தனையும் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து மனப்பாடம்.
– சைக்கிளில் கை காட்டித் திரும்பிப் பழகியது. எங்கள் தெருவே சிரித்தது.
– அப்பாவின் பனியன் கம்பெனி வேனில் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்து சீட். அவர் எங்கே பிரேக் போடுவார் என்று முன்கூட்டியே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. முதலில் பாதி தப்பு. இப்போது அநேகமாகச் சரி.
– கண் பரிசோதனை. கண்ணாடி வந்துவிட்டது. தூரத்து போர்டு இவ்வளவு நாளாகத் தெரியாமலே இருந்திருக்கிறது.
– ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி, திருப்பி, ஸ்டாண்ட் போட்டு எடுத்துப் பழகியது. கால் கட்டைவிரல் நகம் போனது.

ஜூன் 8, வியாழன்
லைசென்ஸ் உள்ளவர் பின்னால் உட்கார்ந்தால்தான் நான் ஓட்டலாம். அப்பாவிடம் கேட்டேன். மூன்றாவது தடவை.
"நேரமில்லை கண்ணு. ஷிப்மென்ட் இருக்குது."
நான் நின்றுகொண்டிருக்கும்போதே தம்பி கார்த்தி ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு பரோட்டா வாங்கக் கிளம்பினான். வயது பதினைந்து. ஒரு குறி தெரியாது அவனுக்கு.
"அவன் மட்டும் போலாமுங்களாப்பா?"
"பசங்களுக்கு அதெல்லாம் தானா வந்துரும் அம்மிணி. உனக்குத்தான் புஸ்தகம் வேணும்."
சாப்பிடவில்லை.

ஜூன் 10, சனி
வேகமாக எழுதிவிடுகிறேன்.
முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனி வாசல். டீ நேரம். நான் காலேஜில். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் செல்வி அக்கா ரோட்டைக் கடக்கும்போது கார்த்தி ஸ்கூட்டியோடு மோதிவிட்டான். அக்காவுக்கு வலது கால் எலும்பு முறிவு. ஆபரேஷன். தையல் ஊசி வாங்கி வா என்று சாவி கொடுத்து அனுப்பியது அப்பாதான்.
கார்த்தி பாத்ரூமில் வாந்தி. முதுகைத் தடவிவிட்டேன். பாவமாக இருந்தது. "ஹார்ன் அடிச்சேன்க்கா" என்றான். ஹார்ன் அடித்தானாம். பிரேக்? பாவம் போய்விட்டது.

ஜூன் 11, ஞாயிறு
நான் ஓட்டியதாகச் சொல்ல வேண்டுமாம்.
அப்பா: "ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருச்சு. உனக்கு எல்.எல்.ஆர். இருக்குதல்ல? நான் பின்னாடி உக்காந்திருந்தேன்னு சொல்லிக்கறேன்."
ஒரு நாள் உட்கார நேரமில்லாதவர். நடக்காத ஒரு நாளில் உட்காரத் தயார்.
அம்மா அழுகை. "பத்தாவது படிக்கற பையன் கண்ணு. கேஸாயிப்போனா என்ன பண்றது?"
எனக்கானால் பரவாயில்லையா அம்மா? கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.
ஒரு வருஷம் ஒழுங்காகத் தயாரானேன். அதனால்தான் மாட்டிவிட நான் கிடைத்திருக்கிறேன்.

ஜூன் 12, திங்கள்
காலேஜுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி. செல்வி அக்காவுக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். இங்கே சொந்தம் யாருமில்லை. அவரோடு வாடகை ரூமில் தங்கியிருக்கும் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.
"முதலாளி வந்துட்டுப் போனாக பாப்பா. நீதான் ஓட்டுனேன்னு சொல்லச் சொன்னாக."
"நீங்க என்ன சொன்னீங்க?"
"என்னத்தச் சொல்ல? தம்பி மூஞ்சிய நேருக்கு நேராப் பாத்தேன். ஆனா கால் சரியானா அங்கதான வேலைக்கு வரணும்."
தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்காதான் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

ஜூன் 13, செவ்வாய்
ஸ்டேஷன். அப்பா வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த வேகம், எந்தப் பக்கம்.
ஏட்டு கேட்டார்: "யாரும்மா வண்டி ஓட்டினது?"
"நானில்லைங்க. என் தம்பிங்க. நான் காலேஜில இருந்தேன். வருகைப் பதிவைப் பாத்துக்கலாமுங்க. எங்கப்பாவும் பின்னாடி உக்காரலைங்க."
அப்பா சிரிக்கப் பார்த்தார். "பயந்துட்டுதுங்க சார்..."
"பயமில்லைங்க" என்றேன்.
கார்த்தியைக் கூட்டி வரச் சொன்னார். வண்டியைக் கொடுத்தவர் மேலும் கேஸ் உண்டு என்றார்.
வீட்டுக்கு வந்ததும் அப்பா என் மேஜையைத் திறந்து எல்.எல்.ஆரை எடுத்து நாலாகக் கிழித்தார். "இனி நீ எதையும் ஓட்ட வேண்டாம்." கார்த்தி கதவோரம் நின்று பார்த்தான், கோழை.

ஜூன் 15, வியாழன்
யாரும் பேசுவதில்லை. தட்டு மட்டும் வருகிறது.
செல்வி அக்காவிடம் வாக்குமூலம் வாங்கப் போனார்களாம். "பாப்பாவே சொல்லிருச்சுல்ல, இனி எனக்கென்ன? தம்பிதான் ஓட்டுச்சு" என்று சொல்லிவிட்டாராம். டிரைவர் அண்ணன் சொன்னது.
சாயங்காலம் கார்த்தி ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டு வந்தான். "அக்கா" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் இன்னும் முடியவில்லை.

ஜூன் 16, வெள்ளி
கிழிந்த துண்டுகளோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ். பஸ்ஸில். நகல் கேட்டு விண்ணப்பம்.
கவுண்டரில் இருந்த அம்மா துண்டுகளைப் பார்த்து, "தண்ணியில நனைஞ்சுதா? சேதமாயிருச்சுன்னு எழுதிரும்மா, போதும்" என்றார்.
எழுதினேன். பேனாவை மூடினேன். மறுபடி திறந்து அதை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: என் அப்பா கிழித்துவிட்டார்.