இரண்டாம் கம்பி, ஐந்தாம் கட்டம்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
1936 ஜூலை 12

சைகோனில் இருக்கும் என் அன்பான வீட்டுக்காரர் அவர்களுக்கு அன்னாமேரி எழுதிக்கொண்டது. இங்கே அத்தையும் நானும் பசுவும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். கரும்புக்கு மண் அணைத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் இல்லை, கிணறு மட்டும் கைவிடவில்லை.

இனி நீங்கள் விட்டுப்போன கித்தார் விஷயம். மாசியில் புறப்படும்போது, “மாதா பாட்டைப் பிசகில்லாம வாசிச்சுடு, கப்பல் டிக்கெட் அனுப்பறேன்” என்று கோயில் ஆர்மோனியம் அல்போன்ஸ் அண்ணன் முன்னால் சொல்லிவிட்டுப் போனீர்கள். களை பிடுங்கும் கைக்கு இது எங்கே வரப்போகிறது என்ற தைரியம் உங்களுக்கு! பிறகு முதல் கம்பி, மூன்றாம் கட்டம் என்று பாட்டை எண்ணாக எழுதியும் அனுப்பினீர்கள். கித்தாரை மடியில் வைத்தால் மேலே இருப்பதுதானே முதல் கம்பி? அந்தத் தடித்த கம்பியை மீட்டினேன். பாட்டு சரியாகத்தான் வந்தது, ஆனால் கட்டைக் குரலில். அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்து, “இன்னாடி இது, வூட்டுல ஆம்பள கொரல் கேக்குது!” என்றார். இரண்டாம் கம்பிக்குப் போனதும் பாட்டே குடை சாய்ந்தது.

அல்போன்ஸ் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் பசு மிரண்டது. கீழே இருக்கும் மெல்லிய கம்பிதான் முதலாவதாம். இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அவரும் சும்மா போனாரா, சுருதி சேர்க்கிறேன் என்று திருகித் திருகி அந்தக் கம்பியை அறுத்துவிட்டார். புதுச்சேரிக் கடைகளில் அது கிடைக்கவில்லை. நீங்கள் அனுப்பினாலும் வந்துசேர எத்தனை நாளாகுமோ! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டே இரண்டாம் கம்பியில் ஒவ்வொரு கட்டமாக அழுத்திக்கொண்டு போனேன். ஐந்தாம் கட்டத்தில் அறுந்துபோன கம்பியின் சத்தம் கேட்டது! நம்பாமல் தடித்த கம்பியையும் சேர்த்து மீட்டினேன். கட்டைக் குரலும் மெல்லிய குரலும் ஒன்றாக ஒட்டின. முதல் கம்பிக்கு நீங்கள் போட்ட எண்களோடு ஐந்தைக் கூட்டிக்கொண்டேன், பாட்டு முழுக்க இரண்டாம் கம்பியிலேயே வந்துவிட்டது. மூன்றாம் கம்பியில் தேடினேன், ஒன்பதாம் கட்டத்தில் அங்கேயும் அதே சத்தம். இன்று பூசை முடிந்ததும் அல்போன்ஸ் அண்ணன் எதிரில் வாசித்தேன். “ஒரு கம்பி கொறச்சலா வச்சிக்கினே ஜெயிச்சிட்டியேம்மா” என்று சொல்லி, இந்தக் கடிதத்தின் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

இன்னொன்று. கொஞ்ச நாளாகக் கித்தார் மடியில் முன்போல ஒட்டி உட்காருவதில்லை. தள்ளிப் பிடித்துத்தான் வாசிக்கிறேன். உங்களுக்கு எழுதச் சொல்லி அத்தை நச்சரிக்கிறார். இந்த வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே, எழுதாமல் இருந்துவிட்டேன். அந்தச் சேதியைக் காட்டி டிக்கெட் வாங்க எனக்கு மனமில்லை. வாசித்தே வாங்க வேண்டும் என்று வைராக்கியம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் அழைத்துப் போவேன் என்று பாகூரிலிருந்து என் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்கு முன்னால் உங்களிடம் வந்துவிட வேண்டும். உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாதா உங்களைக் காப்பாற்றட்டும். கப்பலில் இடம் எடுக்கும்போது, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிற மாதிரி பார்த்து எடுங்கள்.

தங்கள் பிரியமுள்ள,
அன்னாமேரி