தொப்பியைக் கழற்றிவிடுங்கள்

“தாத்தா, உங்க முடியெல்லாம் ஊருக்குப் போயிருக்கா?” என்று பேத்தி சோயுன் கேட்டதற்காகத்தானே, முடி முளைக்குமென்று தேனீ வளர்க்கும் பாங் ஐயாவிடம் போய் உச்சந்தலையில் தேனீக் கொட்டு வாங்கி வந்தீர்கள்? முகம்வரை வீங்கிய தலையைப் பார்த்து நான் சிரித்தது தப்புதான்.

“இந்த மூஞ்சியோட அவளப் பாக்க மாட்டேன்” என்று அடம்பிடிக்காதீர்கள். மதியம் வருகிறாள், தொப்பியைக் கழற்றிவிட்டு நீங்களே கதவைத் திறங்கள். “பூசணிக்கா தாத்தா!” என்று கத்துவாள், கட்டிக்கொள்ளவும் செய்வாள்.

கடற்பாசி சூப் அடுப்பில், கிம்ச்சி ஊறுகாய் வெளியே எடுத்து வைத்திருக்கிறது. நான் தேவாலயத்துக்குப் போகிறேன்.

– ஒக்புன்

மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. கொட்டிய தேனீ பிழைக்காதாம். உங்களுக்காகச் செத்த தேனீக்களின் கூட்டத்துக்குத் தேனெடுக்கப் பூ கிடைக்கட்டுமென்று, காலையில் நீங்கள் தூங்கும்போது, கொல்லை மூலையில் கடுகு விதைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.