இரண்டாவது துடுப்பு

சேக்காடு, ஆவடி
9-8-1971

அன்பு மகன் வரதனுக்கு அம்மா வடிவு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி வசந்தகுமாரி, கொல்லையில் நீ வைத்த முருங்கைமரம் வரைக்கும் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் உன் அறைப் பிள்ளைகளும் பிலாய் மழையிலும் அந்த இரும்பாலை உலைச் சூட்டிலும் வாடாமல் இருக்க பொன்னியம்மனைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் போன மாசமே கைக்கு வந்தது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, இந்த வீட்டில் இருக்கிற ஒரே பேனா ஆடிக் கூழ் முடிகிற வரைக்கும் உன் அப்பா காதில்தான் செருகியிருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் நம் தெருவில் கூழ் ஊற்றினோம். கூழா மீசையா என்று ஒரு மாசமாய் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது, முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

தெருக் கூழை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அப்பா தலையைக் கொடுத்த முதல் வருஷம் நீ இங்கேதான் இருந்தாய். அன்றைக்குக் கூழ் கட்டி தட்டிப்போய், வாயில் வந்த மாவுக்கட்டியை நீ சத்தம் போடாமல் எடுத்துக் கைக்குள் ஒளித்துவைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ பிலாய் போன பிறகு வந்த இரண்டு ஆடியிலும் கட்டி இல்லை, ஆனால் அடிப்பிடித்துவிட்டது. சும்மா இல்லை, அண்டாவைக் கவிழ்த்தால் அடியில் தார் ரோடு. அம்மனுக்குப் படைத்ததாயிற்றே என்று தெரு ஜனங்கள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்கள். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பாடியில் இருக்கிற கம்பெனியில் இத்தனை வருஷமாய் இன்ஸ்பெக்‌ஷனில் நின்று வருகிற சாமான் எல்லாவற்றையும் அளந்து அளந்து பழகிய மனுஷன், கூழுக்கும் நீளமான நோட்டு ஒன்று போட்டு, கேழ்வரகு மாவு எவ்வளவு, நொய் எவ்வளவு, தண்ணீர், விறகு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கட்டம் கட்டி எழுதி, கடைசியில் பலன் என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். இரண்டு வருஷமும் அந்தக் கட்டத்தில் அடிப்பிடித்தது, காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தார். தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை, எழுத்தில் மட்டும் அரிச்சந்திரன்.

ஆனி மாசம் கோயில் வேப்பமரத்தடியில் தெருக்கூட்டம் போட்டார்கள். கோயில் பொறுப்பு பார்க்கிற சின்னசாமி உன் அப்பாவைப் பார்த்து மெதுவாகத்தான் ஆரம்பித்தார், கஜபதி கோச்சிக்கக் கூடாது, இந்த வருசம் பூந்தமல்லியிலிருந்து சமையல் ஆள் ஒருத்தனை இட்டாந்துடலாம் என்றார். உன் அப்பா பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு நாகவல்லி, அவள் வாய் சும்மா இருக்குமா, நம்ம ஆத்தா இன்னா பீடி புடிக்கிற ஆத்தாவா, ரெண்டு வருசமா கூழ்ல அந்த வாசனதான வருது என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்து, இந்த வாட்டி அடிப்பிடிச்சா மீசைய எடுத்துட்டு வந்து இதே மரத்தடில நிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கும் நாகவல்லி, அண்ணாத்தே, இப்பவே எடுத்துட்டா அன்னிக்கு ஒரு வேல மிச்சம் என்றாள். மீசை அவருடையதுதான், ஆனால் அந்த முகத்தைத் தினம் பார்க்க வேண்டியவள் நானல்லவா. கல்யாணத்துக்கு முன்னால் மீசை இல்லாமல் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார், தோல் உரித்த வெங்காயம் மாதிரி இருப்பார், அதைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனால் விளையாட்டு இல்லை வரதா, அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பூந்தமல்லி ஆள் வந்தால் அப்புறம் கூழ் கிண்டுகிற துடுப்பு இந்தத் தெருவுக்குத் திரும்பாது என்று மட்டும் சொன்னார்.

மறு ஞாயிறே சோதனை ஆரம்பித்துவிட்டது. கொல்லையில் மூன்று கல் கூட்டி, சின்ன அண்டா வைத்து, சனிக்கிழமையே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, ஞாயிறு காலையில் கூழ். முதல் வாரம் சவுக்கு விறகு, அடுத்த வாரம் புளிய விறகு, அப்புறம் மாவு அரைக்கிற மில்லை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், ஒரு வாரம் காற்றுக்குத் தட்டி கட்டினார். நான் ஒருத்தி நின்று துடுப்பு போட, அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். கூழ் ஒவ்வொரு வாரமும் வெண்ணெய் மாதிரி வந்தது. பலன் நன்று, பலன் நன்று என்று எழுதி எழுதி அவர் முகம்தான் வாடிக்கொண்டே போனது, நன்றாக வருவதற்காகக் கவலைப்பட்ட ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கொல்லையில் தீயாதது தெருவில் ஏன் தீயுது வடிவு என்று என்னையே கேட்பார், எனக்கு என்ன தெரியும். வாராவாரம் அத்தனை கூழையும் நாங்கள்தான் குடித்துத் தீர்க்க வேண்டும், வசந்தா ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, இனிமே எனக்கு நாயித்துக்கெழமையே வாணாம் என்று நாகவல்லி வீட்டுக்குப் போய் இட்டிலி தின்றுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு ஆடு மட்டும் நன்றாகத் தேறிவிட்டது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நான் படிக்க, அவர் கேட்காத மாதிரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாடியில் தன் போர்மேனிடம் உனக்காக வேலை சொல்லிவைத்திருந்தாரே, அதை விட்டுவிட்டு நீ பிலாய் ரயில் ஏறினதிலிருந்து அவர் உனக்கு ஒரு வரி எழுதியது கிடையாது, நான் நல்லா கீறேன்னு போட்டுடு என்பதோடு சரி. உனக்கும் அது மனக்குறைதான், எனக்குத் தெரியும். நீ உன் ஷிப்டைப் பற்றி எழுதியிருந்தாயே, மாற்று ஆள் வந்து பிடியில் கை வைத்த பிறகுதான் நீ கையை எடுக்கலாம், அதற்கு முன்னால் எடுத்தால் உலை கெட்டுவிடும், அந்த ஆள் டீ குடித்துவிட்டு வருகிற வரைக்கும் நீ பசியோடு நிற்க வேண்டியிருக்கிறது என்று, அதைப் படிக்கும்போது பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடவில்லையே என்று நான் புலம்ப, உன் அப்பா, அத்த இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "தெருவுல துடுப்பு எத்தினி கை மாறுது வடிவு?"

உனக்குத் தெரியாததா, நம் தெருவில் வீட்டுக்கு ஒரு கை என்பது வழக்கம். பிள்ளை பரீட்சைக்கு, பெண் கல்யாணத்துக்கு, காய்ச்சல் விட என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தர் வந்து, மனசில் வேண்டிக்கொண்டு கூழில் துடுப்பு போட்டுவிட்டுப் போவார்கள். போட்டவர் துடுப்பை அண்டா விளிம்பில் சாய்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார், அடுத்தவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு அப்புறம் கை போடுவார். அந்த இடைவெளியில் கூழை யார் கிண்டுவது, ஒருத்தரும் இல்லை, அடி பிடிக்காமல் என்ன செய்யும். மாவும் விறகும் காற்றும் எழுதின மனுஷன் கையை எழுதவில்லை. அதற்காக யாரையும் கை போடாதே என்று சொல்ல முடியுமா, அது அவரவர் வேண்டுதல். உன் அப்பா மறுநாளே தச்சர் ராயப்பனிடம் போய் இன்னொரு துடுப்பு செதுக்கச் சொன்னார். முதலில் கும்பிட்டுக்கொள்ள வேண்டியது, பிறகு புதுத் துடுப்பை உள்ளே விட வேண்டியது, அது சுழல ஆரம்பித்த பிறகுதான் பழைய துடுப்பு வெளியே வர வேண்டியது, பிலாயில் அப்படித்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிலாயில் பொன்னியம்மன் கோயில் இருக்கிறதா என்று சின்னசாமி வீட்டு அம்மா என்னிடம் வந்து கேட்டாள்.

நேற்று விடிந்ததும் அடுப்பு மூட்டினோம். உன் அப்பா கையில் நோட்டை வைத்துக்கொண்டு, கம்பெனியில் ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு வீட்டுப் பேராகக் கூப்பிட்டார், கை என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு அதில் பேரை எழுதிக்கொண்டார். ராயப்பன்கூட மாதா கோயில் பூசை முடித்துவிட்டு நேராக வந்து, நான் செஞ்ச துடுப்பு, நானும் ஒரு கை போடுறேன் என்று போட்டுவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நாகவல்லி முறை வருகிற வரைக்கும். அவள் வீட்டுக்காரர் வேம்புலிக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அவள் கேலி பேசுவதை விட்டே நாளாகிவிட்டது. துடுப்பை உள்ளே விட்டவள் கண்ணை மூடினாள், மூடினவள்தான், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, துடுப்பு அசையவில்லை. முன்னே போட்டவள் தன் துடுப்பை எடுத்துவிட்டாள். கூழ் புடுபுடு என்று அடியிலிருந்து குமிழ் விடுகிறது, சின்னசாமி எட்டிப் பார்க்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். உன் அப்பா சொல்லவில்லை வரதா. நோட்டை என் கையில் திணித்துவிட்டு, மற்ற துடுப்பை வாங்கி எதிர்ப்பக்கம் நின்று, அவள் துடுப்பில் இடிக்காமல் அண்டா முழுவதும் சுரண்டிச் சுரண்டிப் போட்டார். அவளாகக் கண்ணைத் திறக்கிற வரைக்கும் போட்டார், மீசையெல்லாம் வேர்வை.

எல்லா வீடும் முடிந்து நம் வீட்டு முறை கடைசியாக வந்தது. வழக்கமாக நான்தான் போடுவேன், முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். உன் அப்பா நோட்டைப் பார்த்து, "வரதன்" என்று கூப்பிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. இல்லாத பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு, அவரே போய்த் துடுப்பைப் பிடித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, நாகவல்லிகூட. நெடுநேரம் போட்டார், அப்புறம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நான் அடுத்த துடுப்பை உள்ளே விட்டேன், சந்தோஷத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு விட்டதில் இரண்டு துடுப்பும் இடித்துக்கொண்டன. அந்தக் கட்டத்தில் வரதன், பிலாய் என்று எழுதியிருக்கிறார், நானே பார்த்தேன்.

மத்தியானம் படைத்து, மோரும் வெங்காயமும் போட்டு ஊற்றி முடித்ததும், கூட்டம் கலையாமல் அப்படியே நின்றது, எல்லோர் கண்ணும் அண்டா அடியில். சின்னசாமியே குனிந்து கரண்டியால் சுரண்டினார். வெள்ளையாய்ப் பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. கஜபதி, அடுத்த வருசமும் நீதாம்பா என்றார். வேம்புலியைக் கைத்தாங்கலாக வாசலில் உட்காரவைத்துக் கொஞ்சம் கூழ் கொடுத்துவிட்டு வந்த நாகவல்லி, உன் அப்பா காதில் விழுகிற மாதிரி, பீடி வாசன இல்லாம கூழு சப்புனு கீதே என்றாள். அவள் வாய் திரும்பிவிட்டது என்று எனக்கு மனசு நிறைந்துபோனது, உன் அப்பாதான் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய் மூன்று சொம்பு கூழ் குடித்தார்.

நீ கேட்டிருந்த கருவாட்டுக் குழம்புக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் பின்னால் செங்கல் அடுப்பு போட்டுச் செய்து, உப்புக் கரித்து எல்லாரும் தண்ணீர் குடித்தே வயிற்றை ரொப்பினோம் என்று எழுதியிருந்தாயே, கருவாட்டில் உப்பு இருக்கிறதென்று கூடவா உனக்குத் தெரியாது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து மணல் போக நன்றாகக் கழுவு. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய் வதக்கி, புளி கரைத்து, குழம்புத் தூள் போட்டு, பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு கருவாட்டைப் போடு. உப்பு அதற்கு அப்புறம், அதுவும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. திறந்த இடத்தில் காற்றுக்கு நெருப்பு ஒரு பக்கமாகச் சாயும், சட்டியைத் திருப்பித் திருப்பி வை. என்ன போட்டாய், எப்படி வந்தது என்று அன்றன்றே எழுதி வை, கெட்டுப்போனதை முதலில் எழுது, அது உன் அப்பா பழக்கம், நல்ல பழக்கம்தான். குழம்புத் தூள் இடித்துத் தனியாகப் பார்சல் போடுகிறேன். மழையில் நனைந்த சட்டையோடு உலைக்கு முன்னால் நிற்காதே, மாற்று ஆள் டீ குடிக்கப் போனால் உனக்கும் ஒன்று வாங்கிவரச் சொல், வாய் இருக்கிறதல்லவா.

நேற்றைக்குப் போட்ட கூடுதல் கைக்குத் தோள் வலிக்கிறதென்று உன் அப்பா காலையிலிருந்து தைலம் தேய்க்கச் சொல்கிறார், இதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பொன்னியம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல பசியும் கொடுக்கட்டும். வசந்தாவுக்குப் பரீட்சை வருகிறது, அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வடிவு

கடிதத்தை மடிக்கப் போகும்போது உன் அப்பா வந்து பேனாவைக் கேட்டார். அவர் எழுதினது கீழே.

வரதனுக்கு. 8-8-71. அடிப்பிடிக்கவில்லை. காரணம் தெரிந்தது, நீ எழுதியதுதான். அடுத்த ஆடிக்கு இப்போதே லீவு சொல்லி வை. உன் கையை நானே போட எனக்குத் தோள் இல்லை.
அப்பா