மணல் வாளிக்குள் போன குண்டு

இன்று காலை ஹார்ட்வெயர் கடையில் எனக்கு முன்னால் போன தள்ளுவண்டியிலிருந்து ஒரு மணல் மூட்டை விழுந்து கிழிந்தது. நான் பூந்தொட்டிக்கு மண் வாங்கப் போயிருந்தேன். அந்த மணல் வாசம் மூக்கில் ஏறியதும், லிட்கமில் உன் வீட்டுக் கராஜும் அதன் மூலையில் நீ வைத்திருந்த வெள்ளைப் பெயின்ற் வாளியும் கண்ணுக்குள் வந்துவிட்டன. ஒன்றும் வாங்காமலே திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நீ இறந்துபோய் எட்டு மாதம். உன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய நல்லதையெல்லாம் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் சொல்லாமல் வைத்திருப்பது வேறொன்று. உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல.

துவக்குச் சுடும் கிளப்பில் முதல் வகுப்பன்று நாம் இரண்டே பேர்தான் தமிழ்ப் பெண்கள். நீ திருச்சிக்காரி, பரமட்டாவில் கணினி வேலை. நான் மன்னார், ஆஸ்பத்திரியில் நர்ஸ். துவக்குச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே ஒளிந்து வளர்ந்தவள் நான். அந்தப் பயத்தை ஒரு தடவையாவது என் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காக யோசித்து அங்கே வந்தவள். நீயோ ஒஃபீசில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வந்தாய். தீபாவளிக்குப் பொட்டுவெடி வைத்துச் சுட்ட விளையாட்டுத் துவக்கைத் தவிர உனக்கு வேறு துவக்கே தெரியாது. ஆனால் உன் ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. என் தாளில் ஒன்றே ஒன்று ஓரமாகப் பட்டிருந்தது.

"பரவால்ல ரெஜி, கை தானா நின்னுடும்" என்றாய். உனக்கு நின்றது. எனக்கு நிற்க இரண்டு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகும் நான் வீட்டுக்கு வந்தால் என் மனுசன் முதலில் கேட்பது, "அவ எவ்வளவு எடுத்தவ?" என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கராஜில் குண்டில்லாமல் பழகுவோம். பொய்த் தோட்டா போட்டு, சுவரில் ஒட்டிய குறித்தாளைப் பார்த்து விசையை இழுப்பது. அதற்கு நீ வைத்திருந்த சட்டம்தான் எனக்கு எரிச்சல். இருபது லீற்றர் வாளி நிறைய உலர்ந்த மணல். நீயே சலித்து, தட்டித் தட்டி இறுக்கியது. தோட்டா அடைத்த மகசினைப் போடும்போதும் கழற்றும்போதும் துவக்கின் குழல் அந்த மணலைப் பார்க்க வேண்டும். முதல் இழுப்பும் மணலுக்குள்தான். அதன் பிறகுதான் சுவர்.

"வெறும் துவக்குக்கு எதுக்கு வாளி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறும்னு நெனைக்கிறப்பதான் வாளி வேணும். இந்த ஊர் வீட்டுச் சுவரு அட்டைப்பெட்டி மாதிரி ரெஜி. ரெண்டு ரூம் தாண்டிப் போயிடும். மணல்தான் புடிச்சு நிறுத்தும்."

உனக்குப் பெரிய வாத்தியார் என்று நினைப்பு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நேரம் அது. பெண்களுக்கு இருந்தது ஒரே இடம். உனக்கும் எனக்கும் இடையில் மூன்று புள்ளிதான் வித்தியாசம். அந்த ஞாயிறு கிளப்பில் சுட்டுவிட்டு நேரே உன் வீட்டுக்கு வந்தேன். என் பொய்த் தோட்டாக்கள் பழையவை, உண்மையானவை போலவே பித்தளை நிறம். "சிவப்பு நிறத்துல விக்கிது, மாத்திடு" என்று நீ இரண்டு தரம் சொல்லியிருந்தாய். நீ சொன்னதாலேயே நான் மாற்றவில்லை. கிளப்பில் மிஞ்சிய உண்மைத் தோட்டாக்களோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே ஜக்கெற் பொக்கற்றிலேயே போட்டுவைத்திருந்தேன்.

மகசினை நிரப்பி, பிஸ்டலில் தள்ளி, நேரே சுவரை நோக்கித் தூக்கினேன்.

"ரெஜி. மொதல்ல வாளி."

பல்லைக் கடித்துக்கொண்டு குழலை மணலுக்குத் திருப்பி விசையை இழுத்தேன். வெடித்தது.

காதுக்குள் கூவென்றது. மணல் முழங்கால்வரை தெறித்திருந்தது. நான் முதலில் தூக்கிப் பிடித்த சுவருக்கு அந்தப் பக்கம் உன் மகளின் படிப்பு மேசை. அவள் ஓடி வந்து கதவடியில் நின்றாள். "அம்மா, வாட் வாஸ் தாட்?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. நீ உள்ள போ, நான் வர்றேன்." என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கி வெறுமையாக்கி, கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்தாய். என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாய். உன் கை நடுங்கவில்லை. அந்த நேரத்திலும் நான் அதைத்தான் கவனித்தேன்.

ஒரு சொல் ஏசவில்லை நீ. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குக் கிளப் காப்டன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாய்.

"சொன்னால் என்னை நிப்பாட்டிப் போடுவினம்."

"தெரியும்."

"அது உனக்கு நல்லதுதானே?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நானே சொல்லிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது என் புள்ள" என்றாய்.

செவ்வாய் பின்னேரம் போய்ச் சொன்னேன். மனச்சாட்சி ஒன்றுமில்லை. நீ முந்திவிடுவாய் என்ற பயம். மூன்று மாதம் கிளப்புக்கு வரவேண்டாம் என்றார்கள். அணிக்கு நீ போனாய். மெல்பேர்னிலிருந்து வெண்கலப் பதக்கத்தோடு ஒரு படம் போட்டிருந்தாய். லைக் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துவிட்டேன்.

ஒரு வருடம் உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நீ நீளமாக எழுதுவாய். நான் "ஓம்" என்று மட்டும் அனுப்புவேன். பிறகு ஒருநாள் போன் எடுத்து, "கொஞ்சம் ஒடம்பு சரியில்ல ரெஜி" என்றாய். மருந்தின் பெயரைச் சொன்னதும் இது தேறாத நோய் என்று எனக்கு விளங்கிவிட்டது. நர்ஸ் அல்லவா. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்தேன். சாப்பாட்டைப் பற்றியும் ஜன்னல் சீலையைப் பற்றியும் கதைத்தோம். கராஜில் வெடித்த பேச்சை இருவரும் எடுக்கவில்லை. வெளியே உன்னைப் பார்க்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று எண்ணிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். அவ்வளவு கேவலம் நான்.

போன வாரம் உன் கணவர் கிளப் கடிதங்களை ஒழுங்கு செய்ய உதவி கேட்டுக் கூப்பிட்டார். தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "உங்களப் பத்தி அவ ஒண்ணு சொல்லிட்டே இருப்பா. கராஜ்ல வெடிச்சத ரெஜி மறைச்சிருக்கலாம், அணில இடம் கெடைச்சிருக்கும், ஆனா தானாப் போய்ச் சொல்லிட்டா. நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல. அந்தத் தைரியத்தப் பாத்தா பொறாமையா இருக்குன்னு."

கோப்பையைக் கீழே வைத்தேன். அப்படியே விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"அப்பிடியில்லை. அவ செவ்வாய்க்கிழமை எண்டு தவணை வைச்சவ. அந்தப் பயத்திலதான் போனனான்" என்றேன். உன் மகளின் மேசைப் பக்கம் நான் குழலைத் தூக்கினதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கடிதக் கட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அவ அதச் சொல்லவே இல்லயே" என்றார்.

இந்த முறை யாரும் எனக்குத் தவணை வைக்கவில்லை. ஆனால் பாரம் இறங்கினதாகவும் இல்லை. நீ அவருக்குச் சொல்லிவைத்த அந்த ரெஜியையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டு திரிகிறேன். யாரும் சொல்லாமலே போய் உண்மையைச் சொன்னவள், நீயே பார்த்துப் பொறாமைப்பட்டவள். உன்மேல் இருந்ததை விட இப்போது அவள்மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம்.