பொட்டு டப்பாவில் இருந்த மாத்திரை

அக். 14
மூன்று நாளாக விடாத மழை. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை போக வெயில் காட்ட வழியில்லை. பிறந்து இன்றோடு இருபது நாள். அவர் வயலில், வடிகால் வெட்டணுமாம். டயப்பர் தீர்ந்தது.

எழுப்பினால்தான் பால் குடிக்கிறான். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "அழவே மாட்டேங்குதே, தங்கம்!" எனக்கும் பெருமை வேறு.

அக். 15
மஞ்சள் குறையவில்லை என்று டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுக்கச் சொன்னார். "பொறந்தப்ப குதிகால்ல குத்தி டெஸ்ட் எடுத்தாங்களா?" இல்லை. மூன்றாம் நாள் எடுப்பதாகச் சொன்னார்கள். அன்று அஷ்டமி என்று அதற்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"உங்களுக்குத் தைராய்டு இருக்காம்மா?"

பக்கத்தில் மாமியார். "இல்லைங்க" என்றேன். பிரசவ ஃபாரத்திலும் இதே பொய்.

அக். 17
ரிப்போர்ட் வந்தது. பிள்ளைக்குத் தைராய்டு ரொம்பக் குறைவு; மஞ்சள் போகாததும், அழாமல் தூங்கியதும் அதனால்தானாம். தனியாக உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது அப்பா, "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத." முடிந்து மூன்று வருஷம். வீட்டுக்காரருக்கே தெரியாது. மாத்திரை பொட்டு டப்பாவில். தினமும் போட்டதால் கர்ப்பத்தில் டெஸ்ட் எல்லாம் நார்மல்.

டாக்டர் திட்டவில்லை. "உங்க ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி கர்ப்பத்துலயே அவனுக்குப் போயி தைராய்டத் தடுத்திருக்கலாம். அதுதான்னா சில மாசத்துல சரியாயிடும். அதுவரைக்கும் ஒரு நாள் மாத்திரை விடக்கூடாது, மூளை வளர்ற நேரம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா டெஸ்ட் எடுக்காம விட்டிருக்க மாட்டாங்க."

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருபத்துமூன்று நாள் போச்சே. பாவி நான்.

அக். 18
6.00: என் மாத்திரை, குளியலறையில், வழக்கம்போல் திருட்டுத்தனமாக.
6.15: அவனுடையது. நுணுக்கி, தாய்ப்பாலில் கரைத்து, ஸ்பூனில்.

மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். "எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ!" அம்மா இல்லாத என்னைப் பிரசவத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டதே இவர்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டயப்பர், கொசுவலை. மறக்கக் கூடாது.

அக். 25
மழை விட்டது. மாமியார் இன்றும் மிளகாயோடு வந்தார். பொட்டு டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தேன். "கண்ணு இல்ல, அத்த. நான்தான்." எல்லாம் சொன்னேன்.

மிளகாயைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கிட்ட மறைச்ச, சரி. பொண்ணப் பெத்தவங்க பயம். புள்ளையக் கையில வச்சிக்கிட்டு டாக்டர்கிட்டயே இல்லன்னியேடி!"



அப்போதுதான் பிள்ளை அழுதான். வீடே அதிர. பிறந்ததிலிருந்து கேட்காத சத்தம். தூக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடி. கொஞ்சம் அழட்டும்."