தேயிலை ஸ்டோருக்குள் ஓடிய கல்சியம்

இரத்தோட்டை,
ஞாயிறு.

அன்பு மகள் விதுஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே ரிவர்ஸ்டன் பக்கத்து மழையும் என் முதுகுவலியும் சுகமாக இருக்கின்றன. மெல்போர்ன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மா போய் ஏழு மாதமாகியும் அப்பா ஒரு சொட்டு அழவில்லை, பயமாக இருக்கிறது, படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னாய். நீ சொன்னது சரிதான். செத்தவீட்டில்கூட நான் லைட்டுக்கு வயர்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் புதன்கிழமை ஸ்டோரில் ஒன்று நடந்தது, அதை எழுதிப் போனில் படமாக அனுப்புகிறேன், வாசித்துவிட்டு முடிவெடு.

நீ வகுப்பில் பேசப்போவதாக எழுதி அனுப்பிய பாடத்தை, அதுதான் நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் கதவு திறந்து கல்சியம் உள்ளே வர, அந்தச் செய்தி நடுவிலுள்ள கரு வரைக்கும் எப்படிப் போகிறது என்பதை, மூன்று தரம் வாசித்தேன். எலக்ட்ரீஷியன் மூளைக்கு அது வயர் இல்லாத வயரிங். கடைசியில் பகல் சாப்பாட்டு நேரம் கொழுந்து அரைக்கிற எங்கள் தேயிலை ஸ்டோரையே கலமாக்கிவிட்டேன். கேட் மேற்பரப்பு, ஆபீஸ் கரு, கொழுந்துச் சாக்குத் தூக்குகிற பன்னிரண்டு பேரும் கல்சியம். நான் பெல் அடித்துக் கேட்டைத் திறந்ததும் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். நாலு பேர் பாதி வழியில் பிளேன்டீ வாளியில் ஒட்டிக்கொண்டார்கள். தரை கூட்டுகிற சுந்தரம்மா அக்கா இரண்டு பேரை மறித்து, கூட்டின எடத்துல சேத்துக் காலோட எங்கடா ஓடுறீங்க என்று நிறுத்திவிட்டார். பாடத்திலும் அப்படித்தானே, வருகிற கல்சியத்தில் பெரும்பகுதி வழியிலேயே பிடிபட்டுவிடுமாம். மிச்ச ஆறு பேரைப் புஹாரி நானா தள்ளுவண்டியில் ஏற்றினார். அவர்தான் கல்மொடியூலின், கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு கருவுக்குப் போகிற புரதம். இந்தப் பேர எழுத ஐடெண்டி கார்டுல எடம் பத்தாதே தம்பி என்றார்.

வண்டி நிற்காமல் போய் ஆபீஸ் கதவில் மோதியது. மெனேஜர் தொரை ஸ்ட்ரைக் என்று நினைத்துவிட்டார். கதவைப் பாதி திறந்து, கக்கூஸ் கூரைய நாளைக்கே போட்டுத் தர்றேன், எல்லாரும் வேலைக்குப் போங்க என்றார். எட்டு மாதமாக நாங்கள் கேட்ட கூரை அது, மகள். அன்றைக்கு நாங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. செய்தி கருவுக்குப் போனால் மூடிக் கிடக்கும் மரபணு திறந்து புதுப் புரதம் செய்யும் என்று எழுதியிருந்தாய். எங்கள் கரு தகரம் செய்தது.

நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்தபடியே போனை எடுத்து, சொல்வதற்கு அம்மாவின் நம்பரை அமர்த்திவிட்டேன். நம்பர் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது. மூன்றையும் கேட்டு முடித்தேன். பிறகு சாக்கு மேல் உட்கார்ந்து அழுதேன் மகள், வேலைக்குப் பெல் அடித்த பிறகும் அழுதேன். சுந்தரம்மா அக்கா என்னைச் சுற்றிக் கூட்டினார். செய்தி உள்ளே போய்ச் சேர ஏழு மாதம் எடுக்கும் என்று உன் பாடத்தில் இல்லை, எழுதிக்கொள். நேற்றும் மீன்கறி வைக்கும்போது அழுதேன். கறி நன்றாக வந்தது.

ஆகவே படிப்பை விட வேண்டாம். வியாழக்கிழமை வகுப்பில் தலையை நிமிர்த்திப் பேசு, ஸ்வெட்டர் போட்டுக்கொள். முத்துமாரி அம்மன் உன் பக்கத்தில் இருப்பாள். முக்கியமான விஷயம், இனிப் போன் எடுக்கும்போது நான் அழுதால் பயந்து வைத்துவிடாதே, முடியும் வரை லைனில் இரு.

உன் அப்பா
ஜெயக்காந்தன்