அஷ்டமுடிக் காயலுக்கு இரண்டு பேர்

ஏரல்,
3.11.2024

பிரியமுள்ள தாணுலிங்கத்துக்கு,

சிவபாலன் எழுதுவது. போனில் நீ பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. இனி நமக்குத் தபால்தான் சரி.

தை பிறந்ததும் நாம் இரண்டு பேரும் கொல்லம் போகிறோம். காலையில் படகு ஏறினால் அஷ்டமுடிக் காயல், பிறகு கால்வாய், பிறகு இன்னொரு காயல் என்று போய், சாயங்காலம் ஆலப்புழையில் இறக்கிவிடுவானாம். துறைமுகத்தில் இத்தனை வருஷம் இழுவைப் படகு ஓட்டியவன், ஒரு நாளாவது படகில் சும்மா உட்கார்ந்து போயிருக்கிறாயா? சரி என்று ஒரு வரி போடு.

உன்
சிவபாலன்


தூத்துக்குடி,
12.11.2024

அன்பு சிவபாலனுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். ஆனால் முழங்கால் இப்போது சொன்னபடி கேட்பதில்லை. படகில் ஏறி இறங்குவது கஷ்டம். அந்தப் படகில் எத்தனை பேர் வருவார்கள், வழியில் எங்கெங்கே நிறுத்துவான் என்று விசாரித்தாயா? வேண்டாம், அது எதற்கு. உன் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் வா. தப்பாக நினைக்காதே.

தாணு


ஏரல்,
20.11.2024

தாணுலிங்கத்துக்கு,

உன்னோடு வேலை பார்த்த கிளாட்வின் நேற்று நம் பாத்திரக்கடைக்கு வந்தான். தினமும் காலையில் கடற்கரையில் நீ வேகமாக நடப்பதாகச் சொன்னான். முழங்காலைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆவணியில் உன் மகன் கல்யாணப் பந்தியில் நான் கத்திப் பேச, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். செவிடனோடு நாலு பேர் மத்தியில் நாள் முழுக்க உட்கார உனக்கு வெட்கம். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. இனிக் கூப்பிட மாட்டேன்.

சிவபாலன்


தூத்துக்குடி,
27.11.2024

சிவபாலா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

போன வருஷம் சிறுநீரகக் கல் எடுத்ததாக உன்னிடம் சொன்னேனே, அது கல் இல்லை, புராஸ்டேட் ஆபரேஷன். அதற்குப் பிறகு சிறுநீர் என் வசத்தில் இல்லை. பந்தியில் நான் குனிந்தது வேட்டி நனைந்திருக்கிறதா என்று பார்க்க. நீ பேசியது என் காதிலேயே விழவில்லை.

புரட்டாசியில் திருச்செந்தூர் பஸ்ஸில் இருக்கையே நனைந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் எழுந்து தள்ளிப் போய் நின்றாள். கண்டக்டர் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, "சொல்லியிருந்தா வண்டிய நிப்பாட்டியிருப்பம்லா, பெரியவரே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறுமுகநேரியிலேயே இறங்கி, வேட்டி காய்கிறவரை ஒரு மரத்தடியில் நின்றேன்.

வீட்டில் மருமகள் ஷீஜா பார்ப்பதற்கு முன்னால் என் துணியை நானே அலசிப் போடுகிறேன். விடியற்காலையில் நடப்பதுகூட, அந்நேரம் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதால்தான். இந்த லட்சணத்தில் நான் படகில் எப்படி வருவேன்?

தாணு


ஏரல்,
4.12.2024

என் தாணுவுக்கு,

கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஆற்றங்கரைக்குப் போய்ப் படித்தேன், கிழித்தும் போட்டேன். உனக்கு நான் எழுதியதை நினைத்தால் உடம்பே கூசுகிறது. என் காதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிருக்கிறது.

பெரிய படகு வேண்டாம். சின்ன வீட்டுப் படகு ஒன்று பேசியாயிற்று. நாம் இரண்டு பேர், ஓட்டுகிறவர் ஒருவர். அறையோடு சேர்ந்தே கழிப்பறை. ஆலப்புழை வரை போகாமல் அஷ்டமுடியையே சுற்றி வருவோம். கொல்லத்துக்குக் காரில் போவோம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

போனில் பேசி முடித்தது பக்கத்துக் கடைப் பொன்னுதுரை. கழிப்பறை எதற்கு அவ்வளவு முக்கியம் என்று கேட்டான். எனக்குத்தான் அடக்க முடியவில்லை என்று சொன்னேன். அவன் வாய் உனக்குத் தெரியும். இந்நேரம் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

சிவபாலன்


தூத்துக்குடி,
11.12.2024

சிவபாலா,

என் குறையை நீ தலையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறாய் என்று படித்தபோது, பஸ்ஸில் பட்டதைவிட அதிகம் கூசினேன். இதற்கு மேலும் ஒளிந்திருக்க முடியவில்லை. இன்று ஷீஜாவிடம் என் குறையையும் படகுப் பயணத்தையும் நானே சொல்லிவிட்டேன்.

தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அவளோ அப்போதே எழுந்தாள். உள்ளே போய்ப் பயணப் பையை எடுத்து வந்தாள். மாற்று வேட்டிகளை மடித்து அடுக்கிவிட்டு, "இவ்வளவு போதுமா மாமா?" என்றாள்.

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, இன்னும் இரண்டு வை என்றேன்.

வருகிறேன்.

தாணு